சந்தனம் பூசிய தட்டில் தேறிய எலும்பு

நான் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதக் கழுத்துக்குள் வைப்பதற்காகச் செய்த செயற்கை எலும்புத் துண்டைச் சோதித்து, 'தாங்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சோதனையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வாரம் போதவில்லை. புதுவயல் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கண்டுபிடித்தார். அப்போது எனக்குப் பதினான்கு வருட சர்வீஸ். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு.

ஆய்வுக்கூடங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என் பெருமையைச் சொல்லும் சம்பவமாக ஒன்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. ஆகவே இது.

1. எங்களிடம் வந்த வேலை

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. காரைக்குடியில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பீங்கான் பொருட்களுக்கான பிரிவில் நான் டெக்னீஷியன். மஃபிள் ஃபர்னஸ் என்ற சூளையைச் சூடேற்றுவது, பொடி அரைப்பது, அச்சில் அழுத்துவது, வெந்ததை எடுத்து உடைத்துப் பார்ப்பது என்பவை என் வேலைகள். உடைப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று என் மனைவி உறவினர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவாள்.

எங்கள் பிரிவின் தலைவர் வள்ளியப்பன் சார். மதுரையில் முதுகெலும்பு அறுவை செய்யும் டாக்டர் ஒருவர் அவருக்குப் பழக்கம். அந்த டாக்டர் ஒரு சிக்கலோடு வந்தார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்கினால், கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து அந்த டிஸ்கை எடுத்துவிடுவார்கள். இடைவெளி காலியாக இருக்கக்கூடாது. அதில் ஒரு எலும்புத் துண்டைச் செருகினால் நாளடைவில் மேலெலும்பும் கீழெலும்பும் ஒட்டிக்கொள்ளும். அந்தத் துண்டை நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே வெட்டி எடுப்பார்கள்.

"கழுத்து நல்லாயிருது சேவியர். ஆனா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு மாசக்கணக்கா வர்றாங்க. சில பேரு வருசக்கணக்கா," என்றார் டாக்டர் என்னிடம்.

இடுப்பெலும்புக்குப் பதிலாக நாங்கள் செய்யும் ஹைட்ராக்ஸி அபடைட் துண்டைச் செருக முடியுமா என்பது கேள்வி. பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் நம் எலும்பில் உள்ள அதே கால்சியம் பாஸ்பேட் சரக்குதான். நாங்கள் எச்.ஏ. என்போம். கடலை மிட்டாய்த் துண்டு அளவில், வெள்ளையாக, நுண்துளைகளோடு இருக்கும். உடம்புக்கு விஷமா என்று பார்ப்பது சென்னையில் ஒரு கூடத்தின் வேலை. முயலுக்குள் வைத்துப் பார்ப்பது இன்னோர் இடத்தின் வேலை. அவர்கள் இருவரும் பரவாயில்லை என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவமனைக் குழுவும், நோயாளி தெரிந்து சம்மதித்தால் சிலருக்கு வைத்துப் பார்க்கலாம் என்றது. எங்கள் பங்கு இரண்டு. உடல் திரவத்தில் கரைகிறதா? பாரத்தில் நொறுங்குகிறதா?

கரையும் சோதனையில் நான் தப்புச் செய்யவில்லை. முப்பத்தேழு டிகிரி தண்ணீர்த் தொட்டியில் பாட்டிலை வைத்துவிட்டு வெறுமனே காத்திருக்க வேண்டிய வேலை அது. அந்த வேலை எனக்கு இயல்பாகவே வரும்.

2. ஆயுத பூஜை

நொறுக்கும் சோதனையை யூ.டி.எம். என்ற இயந்திரத்தில் செய்வோம். மேலே ஓர் எஃகுத் தட்டு, கீழே ஓர் எஃகுத் தட்டு. நடுவில் துண்டை வைத்து மெல்ல மெல்ல அமுக்கினால் ஓர் இடத்தில் 'டக்' என்று விரியும். அந்தப் பாரத்தைப் பேனா காகிதத்தில் வரைந்து காட்டும்.

முதல் சுற்றில் செய்த துண்டுகள் சுமாராகத்தான் தாங்கின. தலையின் எடை, தும்மல், மேடுபள்ள ரோட்டில் டவுன் பஸ் குலுங்குவது எல்லாவற்றையும் சேர்த்து டாக்டர் ஓர் அளவு சொல்லியிருந்தார். பல துண்டுகள் அதற்கு முன்பே விரிந்துவிட்டன. வள்ளியப்பன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். ஃபர்னஸில் உச்ச சூட்டில் இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துப் பார்க்கிறேன் என்றேன். வைத்தேன்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கூடத்தில் அது பெரிய விசேஷம். நான் பூசும் சந்தனத்தைப் பற்றி எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை என்று நண்பர்களிடம் கேட்டுக்கொள்வேன். ஏனென்றால் சந்தனம் கரைக்கும் பொறுப்பு வருடா வருடம் எனக்குத்தான். அளவாகத் தண்ணீர் விடுவேனாம். கைராசியாம். மற்றவர்கள் இயந்திரத்தின் நெற்றி போல இருக்கும் இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பொரி கடலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது திருப்திப்படாது. யூ.டி.எம். தட்டுகள் இரண்டிலும் நன்றாக, வழித்து, உள்ளங்கையால் தேய்த்துப் பூசினேன். வேலை செய்யும் இடம் அதுதானே, அதற்குத்தானே மரியாதை என்று எனக்குள் ஒரு நியாயம்.

மறுநாள் துடைக்கப் போனேன். வள்ளியப்பன் சார் தடுத்தார்.

"பூசுன சந்தனத்தை ஏன்யா துடைக்கிறே? தானா உதிரட்டும்."

தானாக உதிரவில்லை. காய்ந்து, அமுங்கி, தட்டோடு தட்டாக வழவழவென்று படிந்துவிட்டது. சில நாளில் அது அங்கே இருப்பதே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

புதிய துண்டுகளைப் போட்டேன். ஒவ்வொன்றும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டி நின்றது. பேனா காகிதத்தில் ஏறிக்கொண்டே போனது. கூடுதல் இரண்டு மணி நேரச் சூடு செய்த மாயம் என்று முடிவு கட்டினேன். யார் வந்தாலும் ஃபர்னஸ் பக்கம் கூட்டிப் போய் விளக்கினேன். கேன்டீனில் டீ போடுகிறவருக்குக்கூட உச்ச சூடு எவ்வளவு நேரம் என்று தெரியும்.

அறிக்கையில் என் கையெழுத்தும் சார் கையெழுத்தும் போட்டு மதுரைக்கு அனுப்பினோம்.

3. கருப்பையா

டாக்டர் முதலில் தேர்ந்தெடுத்த நோயாளி புதுவயல்காரர். பெயர் கருப்பையா. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேல். இருபது வருடமாக மூட்டை தூக்கியதில் கழுத்து டிஸ்க் பிதுங்கி, வலது கை மரத்துப்போயிருந்தது. "உங்க ஊருப் பக்கம்தான் செய்யிறாங்க, வேணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க," என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அறுவைக்கு எட்டு நாள் இருக்கும்போது மனைவியோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.

சட்டைப் பொத்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தது. நான் அதைக் கவனித்ததைப் பார்த்து மனைவி சொன்னார்: "நான்தேன் போட்டுவிட்டேன். கல்யாணத்தப்பக்கூட இம்புட்டு அக்கறையா மாட்டிவிடலை."

"அப்ப நீ என் மூஞ்சியவே பாக்கலையே," என்றார் கருப்பையா.

டீ வரவழைத்தேன். இடது கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எங்க மில்லுல ஒருத்தருக்கு இதே ஆப்பரேசன் சார். இடுப்பு எலும்ப வெட்டி வச்சாக. கழுத்து நல்லாயிருச்சு. ஆனா குனிய முடியலை, குத்தவைக்க முடியலை. இப்ப கேட்டுல வாச்மேனா உக்காந்துருக்காரு. எனக்கு அது வேணாம். இடுப்புல கத்தி வைக்காம முடியுமான்னு கேட்டேன். இந்தக் கல்லு இருக்குன்னு டாக்டரு சொன்னாரு. தாங்குமா சார்?"

"யானை ஏறி நின்னாலும் தாங்கும்ணே," என்றேன். பதினான்கு வருட சர்வீஸ் உள்ளவன் சொன்ன அறிவியல் வாக்கியம் இது.

"அப்ப ஒண்ண உடைச்சுக் காமிங்க. கண்ணால பாத்துக்கிறேன்."

இயந்திரத்துக்கு அழைத்துப் போனேன். துண்டை வைத்தேன். பேனா ஏறியது. டாக்டர் சொன்ன அளவில் நான் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் விரிந்தது. ஃபர்னஸ் கதையைத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை. குனிய முடியாததால் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தார்.

"இங்குட்டு என்ன சார் மஞ்சளா அப்பியிருக்கு?"

"சந்தனம்ணே. ஆயுத பூஜைக்குப் பூசுனது."

"மேலயும் கீழயுமா?"

"ரெண்டு பக்கமும்தான்."

இடது கை விரலால் கீழ்த்தட்டைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். பிறகு எழுந்து மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"மிசினுக்குச் சும்மாடு கட்டி விட்டிருக்காக."

எனக்குப் புரியவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு கையாலேயே சுருட்டித் தலைமேல் வைத்துக் காட்டினார்.

"வெறுந்தலையில மூட்டைய வச்சுப் பாருங்க. ஒரு எடத்துல குத்தும். அங்கனயே மண்டை பொளந்துரும். சும்மாடு வச்சா பாரம் சுத்திவர எறங்கும். அதே மூட்டைதேன், வலிக்காது. உங்க கல்லு சும்மாட்டுக்கு மேல உக்காந்து பாரம் தாங்குது. என் கழுத்துக்குள்ள சந்தனம் பூசுவாகளா சார்?"

4. துடைத்த தட்டு

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "சரிண்ணே, உங்க திருப்திக்குத் துடைச்சுட்டு ஒண்ணு போட்டுருவோம்," என்றேன். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் தேய்த்தேன். எஃகு பளபளவென்று வந்தது. அதே சூளையில், அதே நாளில் வெந்த இன்னொரு துண்டை வைத்தேன்.

பென்சில் கோட்டுக்குக் கீழேயே 'டக்' என்றது.

ஒரு துண்டை வைத்து முடிவு செய்யக்கூடாது என்றேன். அது உண்மையும்கூட. இன்னொன்று வைத்தேன். அது கோட்டைத் தொட்டுவிட்டு விரிந்தது. மூன்றாவது கோட்டைத் தாண்டியது. நாலாவது தாண்டவில்லை. எச்.ஏ. துண்டின் முகம் முற்றிலும் சமமாக இருக்காது, எங்கோ ஒரு மேடு இருக்கும். வெறும் எஃகு அந்த மேட்டில் மட்டும் குத்துகிறது. சந்தனம் பள்ளத்தை நிரப்பிப் பாரத்தைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. என் கூடுதல் இரண்டு மணி நேரச் சூட்டுக்கும் கொஞ்சம் பலன் இருந்திருக்கலாம். எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டு, எனக்குப் பெருமை தரும் ஒன்றை மட்டும் நம்பியிருந்தேன்.

கருப்பையா நாலு துண்டுகளும் போன விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு போய்விட்டது. அந்த ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"டாக்டருட்டச் சொல்லிருவீகளா சார்?"

"சொல்லாம எப்படிண்ணே?"

"நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

மனைவி முன்னால் வந்தார். "சார், அந்தச் சந்தனத்தையும் கொஞ்சம் சேத்து உள்ள வச்சு விடச் சொல்லுங்களேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

5. ஆட்டுக் கழுத்து

வள்ளியப்பன் சாரிடம் போய்ச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு ஓர் ஆசை இருந்தது. 'பரவாயில்லை, விடு' என்று அவர் சொல்லிவிட வேண்டும். கிட்டத்தட்ட சொல்லியும்விட்டார்.

"கழுத்தெலும்பு என்ன எஃகாய்யா? எலும்பும் கொஞ்சம் மெத்துன்னுதானே இருக்கும்? சந்தனத் தட்டுதான் நிஜத்துக்குப் பக்கம்னு ஒருத்தன் வாதாடலாம்ல?"

மிக நல்ல வாதம். அரை நாள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன். மதியத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். "வாதம் சரிதான். ஆனா அறிக்கையில ரெண்டு கையெழுத்து இருக்கு. ஒண்ணு என்னது. அந்த வாதத்தை அந்த ஆளு கழுத்துல வச்சுப் பாக்க எனக்குத் தைரியமில்லை," என்று சொல்லிவிட்டு, மதுரைக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். சந்தனம் பூசியவனே பேசட்டும் என்றார்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு: "எஃகை விடுங்க, சந்தனத்தையும் விடுங்க. நான் ட்ரில் வச்சுச் சுரண்டுற எலும்பு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். அதுல உக்காந்தா தாங்குமா? அதச் சோதிக்கவே இல்லையா நாம?"

சோதிக்கவே இல்லை. மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே காரில் வருவதாகச் சொன்னார். எலும்புக்கு நான் பொறுப்பு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் கறிக்கடைக்குப் போனேன்.

"ஆட்டுக் கழுத்து வேணும்பா. சதை வேணாம், எலும்பு மட்டும். இருக்கறதெல்லாம் குடு."

"என்ன சார், வீட்ல யாருக்கும் ஒடம்பு சரியில்லையா? சூப்புக்கா?"

"ஒருத்தருக்குக் கழுத்து சரியில்லை. அவருக்காகத்தான்."

"அப்ப மிளகு தூக்கலாப் போடச் சொல்லுங்க, கேட்டுரும்," என்றார் கடைக்காரர். வைத்தியத்தில் எல்லோருக்கும் என்னைவிட நம்பிக்கை இருந்தது.

அன்று டாக்டர் எங்கள் ஒர்க் ஷாப் மேசையில் உட்கார்ந்து, மனிதக் கழுத்தில் எப்படிச் செய்வாரோ அப்படியே ஆட்டு எலும்புகளைச் சுரண்டி இடம் செய்தார். அதில் எச்.ஏ. துண்டைச் செருகி, எலும்போடு சேர்த்து இயந்திரத்தில் ஏற்றினோம். மொத்தம் பத்து. ஒவ்வொன்றுக்கும் மூவரும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்தில் நாலு, கோட்டுக்கு முன்பே விரிந்தன. ஒன்று விரியும்போது ஒரு சில்லு பின்பக்கமாகத் தெறித்தது. மனிதக் கழுத்தில் அந்தப் பின்பக்கத்தில்தான் தண்டுவடம் இருக்கிறது. டாக்டர் அந்தச் சில்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இந்த வடிவத்துல வேணாம். கருப்பையாவுக்கு இடுப்புலதான் எடுக்கணும். நான் சொல்லிக்கிறேன்."

அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் எழுதினோம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று சார் யோசித்தார். 'தட்டுகளில் அந்நியப் பொருள் படிந்திருந்தது' என்று எழுதினார். சந்தனத்தை யாரும் அதற்கு முன் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் நான்தான் கரைத்தேன். பொட்டு இயந்திரத்தின் நெற்றியோடு நின்றது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கெட்ட எண் வந்தால் எல்லோரும் இயந்திரத்தைத் துடைத்துப் பார்ப்பார்கள். நல்ல எண் வந்த அன்றும் துடைத்துப் பாருங்கள். பொருள் போய்ச் சேரும் இடம் எப்படி இருக்கும் என்று, அங்கே அதைச் செருகப்போகும் ஆளிடம் முதல் நாளே கேளுங்கள். பாதுகாப்பு என்று கையெழுத்துப் போடும்போது, எதில் வைத்துச் சோதித்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

6. புதுவயல்

நாலைந்து மாதம் கழித்துப் புதுவயலுக்குப் போனேன். கருப்பையாவைப் பார்க்கத்தான் போனேன். நலம் விசாரிக்க என்று வீட்டில் சொன்னேன். உண்மையில், மறைக்காமல் உண்மையைச் சொன்ன மனிதன் என்று யாராவது ஒருவர் என்னைப் பாராட்டி ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தால் தேவலை என்று இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அதை யாரும் செய்யவில்லை.

மில் வாசலில் லாரி ஒன்றில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கருப்பையா ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டை அடுக்கின்மேல் அரைகுறையாக உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார். முதல் தடவை எழ முடியவில்லை. இரண்டாவது தடவை பக்கத்து மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கழுத்து எப்படிண்ணே இருக்கு?"

"கழுத்து தேவலை சார். கை நல்லாப் பிடிக்குது. பொத்தான் நானே போட்டுக்கிறேன்." வலது கையை நீட்டி மடக்கிக் காட்டினார். "தூக்கத்தான் முடியலை. இடுப்பு விடமாட்டேங்குது. எண்ண வச்சிருக்காக."

"போகப் போகச் சரியாயிரும்ணே."

"டாக்டரும் அதத்தான் சொல்றாரு."

லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தலையில் சுருட்டிய சாக்குகளோடு எங்களைக் கடந்து போனார்கள். அவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது சொல்லி ஆற்ற வேண்டும்போல இருந்தது. ஆற்றுவதோடு என் பங்கையும் கொஞ்சம் நினைவூட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அந்தக் கல்ல வைக்காதது நல்லதாப் போச்சுண்ணே. நீங்க போனதுக்கப்புறம் நாங்க ஆட்டு எலும்புல வச்சுச் சோதிச்சோம். பத்துல நாலு உடைஞ்சுபோச்சு. தெரியுமா?"

கருப்பையா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஆறு உடையலைல்ல?"